நம் முடிவை மதிக்கும் டாக்டரைக் கண்டுபிடிப்பது

திருவனந்தபுரத்தில் நல்ல லேடி டாக்டர் யார் என்று கேட்டால், சாலைக் கடைத்தெருவிலும் கரமனை அக்ரஹாரத்திலும் டெக்னோபார்க் கேன்டீனிலும் உடனே நாலு பெயர் சொல்வார்கள். ஒருவர் கைராசிக்காரர், இன்னொருவர் கூடியவரை சிசேரியன் செய்ய மாட்டார், மற்றொருவர் ராத்திரி பத்து மணிக்கும் போன் எடுப்பார். எல்லாம் உதவும் தகவல்தான். ஆனால் கல்யாணமாகாத பெண் கருத்தடை கேட்டால் அவர் என்ன சொல்வார்? ஒன்றே போதும் என்பவளிடம் எப்படிப் பேசுவார்? மூன்றாவதும் வேண்டும் என்பவளை எப்படி நடத்துவார்? கருவைக் கலைக்க வந்தவளிடம் "வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வா" என்பாரா? இதெல்லாம் அந்தப் பெயர்களோடு வருவதில்லை. யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை, அதனால் யாருக்கும் தெரிவதுமில்லை.

இந்தத் தகவலை எப்படித் திரட்டுவது என்பதுதான் இந்த அத்தியாயம். திருவனந்தபுரத்தில் குடியிருக்கும் தமிழர்களுக்கும், களியக்காவிளை தாண்டி இங்கே சிகிச்சைக்கு வரும் குமரி மாவட்டத்தாருக்கும் இது பயன்படும்.

டாக்டர் யார் என்பது ஏன் இவ்வளவு முக்கியம்

கருக்கலைப்புச் சட்டம் (எம்.டி.பி.) 1971இல் வந்தது, 2021இல் திருத்தப்பட்டது. அதன்படி கலைப்பு என்பது பெண் கேட்டவுடன் கிடைக்கும் உரிமையல்ல. 20 வாரம் வரை ஒரு டாக்டரும், 20 முதல் 24 வாரம் வரை சில பிரிவினருக்கு இரண்டு டாக்டர்களும், "இந்தக் கர்ப்பம் தொடர்ந்தால் இவள் உடலுக்கோ மனதுக்கோ கடும் கேடு" என்று நல்லெண்ணத்தோடு கருத்துச் சொல்ல வேண்டும். 24 வாரத்துக்கு மேல், சிசுவுக்குக் கணிசமான குறைபாடு இருந்தால் மருத்துவ வாரியம் முடிவு செய்யும். தாயின் உயிருக்கே ஆபத்தென்றால் மட்டும் இந்த வாரக் கணக்கு பார்ப்பதில்லை.

அதாவது முடிவு உங்களுடையதாக இருந்தாலும் அது நிறைவேறுவது டாக்டரின் கையெழுத்தில்தான். டாக்டர் தேர்வு வசதிக்காகச் செய்யும் காரியம் அல்ல என்று இந்த அத்தியாயம் சொல்வது இதனால்தான். ஒரே சட்டத்தை வைத்துக்கொண்டு ஒருவர் உதவுவார், இன்னொருவர் திருப்பி அனுப்புவார்.

2022 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கைப் பாருங்கள். 21 வயதுப் பெண், 21 வாரக் கர்ப்பம், கணவனைப் பிரிந்துவிட்டாள். உதவி கேட்டுப் போன இடத்தில், சட்டப்படி பிரிந்ததற்குக் காகிதம் இல்லை என்று மறுத்துவிட்டார்கள். நீதிபதி வி.ஜி. அருண், கலைப்புக்குக் கணவனின் அனுமதி வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை என்று சொல்லி அனுமதித்தார். அதே மாதம் 29ஆம் தேதி உச்ச நீதிமன்றம், 20 முதல் 24 வாரப் பிரிவில் கல்யாணமாகாத பெண்களையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. கணவனைப் பிரிந்த அந்தப் பெண்ணுக்குக் கோர்ட்டில் கிடைத்தது, சட்டம் தெரிந்த டாக்டரிடம் முதல் நாளே கிடைத்திருக்கலாம். நாம் தேடுவது அப்படிப்பட்டவரைத்தான்.

எங்கிருந்து தொடங்குவது

அரசு மருத்துவமனை: தம்பானூரிலிருந்து கூப்பிடு தூரத்தில் தைக்காடு பெண்கள் குழந்தைகள் ஆஸ்பத்திரி இருக்கிறது. பிற்பாடு 1938இல் திருவிதாங்கூரின் சர்ஜன் ஜெனரலான டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ் 1916இல் பொறுப்பேற்றது இங்கேதான். மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் எஸ்.ஏ.டி. ஆஸ்பத்திரி, மாவட்டத்தின் சிக்கலான கேஸ்கள் வந்து சேரும் இடம். அரசு ஆஸ்பத்திரிகளில் கருக்கலைப்புக்குத் தனி அங்கீகாரம் தேவையில்லை, செலவும் குறைவு. கூட்டம்தான் தொல்லை. ஒரே மேசைக்கு இருபுறமும் இரண்டு பெண்கள் உட்கார்ந்து நோயைச் சொல்லும் நிலை வரலாம். டாக்டரைத் தேர்ந்தெடுக்கவும் முடியாது. எந்த யூனிட்டுக்கு எந்த நாள் ஓ.பி. என்று விசாரித்துக்கொண்டு அந்த நாளில் போவதே ஒரே வழி. கேரள அரசின் இ-ஹெல்த் தளத்தில் முன்கூட்டியே டோக்கன் எடுக்கலாம்.

தனியார் மருத்துவமனை: டாக்டரைத் தேர்ந்தெடுக்கலாம், தனியாகப் பேசலாம். ஆனால் கருக்கலைப்புக்கு மாவட்டக் குழுவின் அங்கீகாரம் பெற்ற இடமாக இருக்க வேண்டும். அந்தச் சான்றிதழை வருவோர் கண்ணில் படும்படி மாட்டி வைக்க வேண்டும் என்பது விதி. வரவேற்பறைச் சுவரைப் பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள். 2018ஆம் ஆண்டின் கேரள மருத்துவ நிறுவனங்கள் சட்டம் கட்டண விவரத்தையும் எழுதி வைக்கச் சொல்கிறது.

சபை நடத்தும் மருத்துவமனை: திருவனந்தபுரத்திலும் குமரியிலும் இவை நிறைய. பிரசவத்தில் நல்ல பெயர் பெற்றவையும் உண்டு. ஆனால் கத்தோலிக்க நிர்வாகத்தில் நடப்பவற்றில் கருக்கலைப்பும் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனும் பொதுவாகச் செய்வதில்லை, டாக்டர் தனிப்பட்ட முறையில் எப்படி இருந்தாலும். இரண்டாவது பிரசவத்தோடு ஆபரேஷனும் செய்துகொள்ள நினைப்பவர்கள் இதை எட்டாம் மாதத்தில் தெரிந்துகொண்டு அல்லாட வேண்டாம். பெயர் பதியும் நாளிலேயே கேட்டுவிடுங்கள்.

விசாரிக்க வேறு இடங்களும் உண்டு. திருவனந்தபுரத்தின் 'சகி' பெண்கள் வள மையம் 1990களிலிருந்து பெண்கள் உரிமைக்காக வேலை செய்துவரும் அமைப்பு. அரசு ஆஸ்பத்திரிகளில் உள்ள 'பூமிகா' மையங்கள் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கானவை. வீட்டில் அடியும் கர்ப்பமும் சேர்ந்து வந்தவர்கள் முதலில் போக வேண்டிய கதவு அது. கேரளத்தின் 'திசா' சுகாதார உதவி எண் 1056, பெண்கள் உதவி எண் 181. இரண்டும் இரவு பகல் இயங்குபவை.

போனிலேயே பாதி தெரிந்துவிடும்

டோக்கன் எடுக்கும் முன் ஒரு போன் போடுங்கள். எடுப்பவர் டாக்டர் அல்ல, ரிசப்ஷனில் இருப்பவர். ஆனால் அந்த இடத்தின் நடப்பு அவருக்கு அத்துப்படி. பேர் சொல்ல வேண்டியதில்லை. இப்படிக் கேட்கலாம்:

"காப்பர் டி வைத்துக்கொள்ள வேண்டும். கல்யாணமாகவில்லை. டாக்டர் பார்ப்பாரா?"

"எம்.டி.பி. அங்கீகாரம் உங்களிடம் இருக்கிறதா? எத்தனை வாரம் வரை பார்க்கிறீர்கள்?"

"பிரசவ அறையில் கூட ஒருவர் இருக்கலாமா?"

"டாக்டர் ஆண் என்றால் பரிசோதனையின்போது சிஸ்டர் கூட இருப்பாரா?"

"கேட்டுச் சொல்கிறேன்" என்ற பதில் வந்தால் குற்றமில்லை. "அதெல்லாம் ஹஸ்பெண்டோட வந்தால் பேசலாம்" என்றால் உங்களுக்கு ஓ.பி. கட்டணம் மிச்சம். அடுத்த எண்ணுக்குப் போங்கள்.

முதல் சந்திப்பில் கவனிக்க வேண்டியவை

முதல் முறை போகும்போது அவசரமில்லாத காரியத்துக்குப் போவது நல்லது. மாதவிடாய் சந்தேகமோ, பாப் ஸ்மியர் பரிசோதனையோ போதும். அவசரத்தில் போனால் நம்மால் யாரையும் எடைபோட முடியாது.

கவனிக்க வேண்டிய முதல் காரியம், டாக்டர் உங்களிடம் தனியாகப் பேசுகிறாரா என்பது. நம் வீடுகளில் பெண் டாக்டரிடம் தனியாகப் போவதில்லை. அம்மாவோ அத்தையோ மைனியோ கூட வருவார்கள்; நாம் வாய் திறக்கும் முன் அவர்களே சொல்லிவிடுவார்கள். "கல்யாணமாகி ரெண்டு வருஷம் ஆச்சு டாக்டர், இன்னும் ஒண்ணும் ஆகல" என்று அத்தை ஆரம்பித்தால், உண்மையில் மருமகள் இப்போதைக்குக் குழந்தை வேண்டாம் என்று மாத்திரை கேட்க வந்திருப்பாள். நல்ல டாக்டர் "பரிசோதிக்க வேண்டும், நீங்கள் கொஞ்சம் வெளியே இருங்கள்" என்று அத்தையை அனுப்பிவிட்டு, திரையை இழுத்துவிட்டு, "உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்பார். அந்த இரண்டு நிமிடத்தைத் தானாக ஏற்படுத்தித் தருபவரை விட்டுவிடாதீர்கள். ஏற்படுத்தித் தராவிட்டால், ரத்த அழுத்தம் பார்க்கும் சிஸ்டரிடம் "டாக்டரிடம் தனியாகப் பேச வேண்டும்" என்று மெல்லச் சொல்லுங்கள்.

இரண்டாவது, கேள்வி கேட்கும் விதம். கர்ப்பம் உண்டா, நோய்த்தொற்று உண்டா என்று பார்க்க உடலுறவு பற்றி டாக்டருக்குத் தெரிந்தாக வேண்டும். அதை நேரடியாக, முகம் சுளிக்காமல் கேட்பவர் நம்பத் தகுந்தவர். "கல்யாணம் ஆயிற்றா?" என்று மட்டும் கேட்டு, இல்லை என்றதும் மற்றதை விட்டுவிடுபவர் உங்களை அவமதிப்பதோடு நோயையும் தவறவிடுவார்.

மூன்றாவது, வழிகளை எத்தனை சொல்கிறார் என்பது. கருத்தடை என்று கேட்டால் ஒரே ஒரு முறையை எழுதிக் கொடுத்து அனுப்பினால் அது ஆலோசனை அல்ல. அரசு ஆஸ்பத்திரிகளிலேயே இலவசமாக ஆணுறை, தினசரி மாத்திரை மாலா-என், ஹார்மோன் இல்லாத 'சாயா' மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் 'அந்தரா' ஊசி, ஐந்து வருடம், பத்து வருடம் தாங்கும் காப்பர் டி வகைகள் எல்லாம் உண்டு. அசம்பாவிதம் நடந்தால் 72 மணி நேரத்துக்குள் எடுக்கும் அவசர மாத்திரைக்கு டாக்டர் சீட்டே வேண்டாம். நிரோத் ஆணுறை தயாரிக்கும் எச்.எல்.எல். நிறுவனத்தின் முதல் தொழிற்சாலை 1969இல் உற்பத்தியைத் தொடங்கியது இந்த ஊரின் பேரூர்க்கடையில்தான். இங்கே கருத்தடையைப் பற்றிப் பேசக் கூச்சப்படும் டாக்டரோடு நாம் மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

நான்காவது, "வேண்டாம்" என்றால் என்ன நடக்கிறது என்பது. ஒரு பரிசோதனையை அல்லது ஒரு மாத்திரையை "யோசித்துச் சொல்கிறேன்" என்று தள்ளிவையுங்கள். காரணத்தையும் தள்ளிவைத்தால் வரும் ஆபத்தையும் சொல்லிவிட்டு அவகாசம் தருபவர் நமக்கானவர். "அப்போ எதுக்கு வந்தே?" என்பவர் பிரசவ அறையிலும் அப்படித்தான் இருப்பார்.

மரியாதை என்பது கலைக்க உதவுவது மட்டுமல்ல. குழந்தை வேண்டும் என்கிற பெண்ணுக்கும் அது வேண்டும். நாலாவது பிரசவத்துக்கு வந்தவளை வார்டில் எல்லோர் முன்பும் ஏசுவதும், மாற்றுத்திறனாளிப் பெண்ணிடம் "உனக்கெதுக்கு இதெல்லாம்" என்பதும், ஸ்கேனில் குறை தெரிந்ததும் பெற்றோர் யோசிக்கும் முன்பே தேதி குறிப்பதும் இதே கணக்கில்தான் சேரும்.

கையெழுத்துப் போடும் முன்

கருக்கலைப்புக்கு 18 வயது நிரம்பிய பெண்ணின் கையெழுத்து ஒன்றே போதும். கணவன், பெற்றோர், காதலன் யாருடையதும் வேண்டாம். 18க்குக் கீழ் என்றாலோ கடும் மனநோய் என்றாலோ காப்பாளர் சம்மதம் வேண்டும். சிறுமி என்றால் போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தகவல் போகும். ஆனால் அவளும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால் அதில் பெயரையும் அடையாளத்தையும் டாக்டர் தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றத்தின் 2022 தீர்ப்பு சொல்கிறது. கருத்தடை தோற்றதால் வந்த கர்ப்பம் என்றால், 20 வாரம் வரை கல்யாணமான பெண், ஆகாத பெண் என்ற பாகுபாட்டை 2021 திருத்தம் எடுத்துவிட்டது.

வெளியே தெரிந்துவிடும் என்ற பயம்தான் பல பெண்களை மருந்துக்கடையில் ரகசியமாக மாத்திரை வாங்க வைக்கிறது. ஆஸ்பத்திரியில் உள்ள ஏற்பாட்டைத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் சம்மதப் படிவமும் டாக்டரின் கருத்தும் ஒரு உறைக்குள் போட்டு ஒட்டப்படும். உறையின் மேல் உங்கள் பெயர் இருக்காது, பதிவேட்டு வரிசை எண்தான் இருக்கும். 'ரகசியம்' என்று எழுதியிருக்கும். விவரத்தை வெளியே சொல்லும் டாக்டருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. ஒன்பது வாரத்துக்குள் என்றால் மாத்திரையாலேயே முடியும். ஆனால் அதுவும் டாக்டர் சீட்டோடு, ரத்தப்போக்கு அதிகமானால் போக ஓர் இடம் வைத்துக்கொண்டு.

குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனில் ஒரு குழப்பம் உண்டு. துணைவரின் சம்மதம் தேவையில்லை என்று மத்திய அரசின் கையேடு சொல்கிறது. ஆனால் மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு ஒழுக்க விதிகள், மலட்டுத்தன்மை உண்டாக்கக்கூடிய ஆபரேஷனுக்கு இருவர் சம்மதமும் வேண்டும் என்கின்றன. டாக்டர்கள் கணவர் கையெழுத்தைக் கேட்பதற்கு இந்த விதி ஒரு காரணம். அரசுக் கையேட்டின்படி அந்த ஆபரேஷன் கல்யாணமாகி, 22 முதல் 49 வயதுக்குள், ஒரு வயது தாண்டிய ஒரு குழந்தையாவது உள்ளவர்களுக்குத்தான். கையேட்டைக் காட்டிப் பேசினால் ஒப்புக்கொள்பவரும் உண்டு. ஆண்களுக்கான வாசக்டமி இதைவிடச் சின்ன ஆபரேஷன் என்பதையும் டாக்டர் உங்கள் இருவரிடமும் சொல்ல வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் பெண்களின் ஆபரேஷன் கேரளத்தில் 46.6 சதவீதம், தமிழ்நாட்டில் 57.8 சதவீதம், ஆண்கள் கணக்கு இரண்டு மாநிலத்திலும் ஒரு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை.

ஒரு சம்மதத்தை வைத்துக்கொண்டு இன்னொரு காரியம் செய்யக் கூடாது. 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த சமீரா கோலி வழக்கு இதற்கு அடிப்படை. 44 வயதுப் பெண் லேப்ராஸ்கோப்பி வைத்துப் பார்ப்பதற்கு மட்டும் சம்மதம் தந்திருந்தார். அவர் மயக்கத்தில் இருக்கும்போதே அவர் அம்மாவிடம் கையெழுத்து வாங்கிக் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது அம்மாவின் சம்மதம் மகளின் சம்மதம் ஆகாது என்றது கோர்ட்டு. எனவே படிவத்தில் வெற்றிடம் விட்டுக் கையொப்பமிடாதீர்கள். சிசேரியன் படிவத்தில் காப்பர் டி வைக்கவோ கருக்குழாயைக் கட்டவோ ஒரு வரி சேர்ந்திருக்கிறதா என்று படியுங்கள். வேண்டாமென்றால் அந்த வரியை அடித்து, பக்கத்தில் கையொப்பமிடுங்கள்.

பிரசவத்துக்கு டாக்டர் பார்க்கும்போது

கேரளத்தில் நூற்றுக்கு 38.9 பிரசவம் சிசேரியன் என்கிறது அதே ஆய்வு; தமிழ்நாட்டில் 44.9. தேவையானது எது, வசதிக்கானது எது என்று நோயாளியால் அறிய முடியாது. ஆனால் டாக்டரிடம் மூன்று கேள்வி கேட்கலாம்: எந்தெந்தக் காரணத்துக்கு வலி வரவழைப்பீர்கள்? முதல் சிசேரியனுக்குப் பின் சுகப்பிரசவம் முயன்று பார்ப்பீர்களா? சுகப்பிரசவத்தில் பிறப்புறுப்பு வாயில் எல்லோருக்கும் வெட்டுப்போடுவீர்களா, வேண்டியவர்களுக்கு மட்டுமா? எல்லோருக்கும் வெட்டுப்போடும் வழக்கம் வேண்டாம், பிரசவத்தில் துணை வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்தது. துணைக்கு ஒருவரை அனுமதிக்கும்படி இந்திய அரசும் 2016இலேயே அரசு ஆஸ்பத்திரிகளுக்குச் சொல்லிவிட்டது. ஆறாம் மாதத்தில் கேட்டால் பதில் வரும், வலி வந்த பிறகு கேட்க நேரமிருக்காது.

மலையாளத்தில் கைவசம் வேண்டிய சில வாக்கியங்கள்

இந்த ஊர் டாக்டர்கள் பலருக்குத் தமிழ் புரியும். வார்டில் எல்லோருக்கும் புரியும் என்று சொல்ல முடியாது. இவற்றை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்:

"டாக்டரோடு ஒற்றைக்கு சம்சாரிக்கணம்" (தனியாகப் பேச வேண்டும்).

"ஒப்பிடும் மும்பு வாயிக்கணம்" (கையெழுத்துக்கு முன் படிக்க வேண்டும்).

"எனிக்கு ஒந்நு ஆலோசிக்கணம்" (நான் யோசிக்க வேண்டும்).

"தமிழில் பறயாமோ?" (தமிழில் சொல்ல முடியுமா?)

சம்மதப் படிவம் மலையாளத்தில் இருந்து நமக்குப் படிக்கத் தெரியாவிட்டால், படித்துச் சொல்லக் கேட்பது நம் உரிமை. சொல்பவர் கூட வந்த உறவினராக இல்லாமல் சிஸ்டராக இருந்தால் நல்லது.

தவறான இடத்தில் மாட்டிக்கொண்டால்

முதலில் வாரக் கணக்கைக் கவனியுங்கள். மறுத்த டாக்டரோடு வாதாடி ஒரு வாரத்தை இழப்பதைவிட அன்றே இன்னொருவரிடம் போவது புத்திசாலித்தனம். கோபப்படப் பிறகு நேரம் கிடைக்கும்.

ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, டிஸ்சார்ஜ் குறிப்பு எல்லாவற்றுக்கும் நகல் எழுத்தில் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சில் விதி. இரண்டாவது டாக்டரின் கருத்துக்கு அந்தக் காகிதங்கள் வேண்டும்.

புகார் என்றால், முதலில் ஆஸ்பத்திரி கண்காணிப்பாளர். அரசு ஆஸ்பத்திரியும் அங்கீகாரம் இல்லாத கலைப்பு மையமும் மாவட்ட மருத்துவ அலுவலரின் பொறுப்பு. டாக்டரின் நடத்தை பற்றி என்றால் இதே ஊரில் உள்ள கேரள மாநில மருத்துவக் கவுன்சில். கட்டணம் கட்டிப் பெற்ற சிகிச்சையில் குறை என்றால் நுகர்வோர் ஆணையம். வக்கீலுக்குக் காசில்லையென்றால் சட்ட உதவிக்கு 15100. என்ன தேதி, யார், என்ன சொன்னார் என்று வீட்டுக்கு வந்ததும் எழுதி வையுங்கள். "மோசமாக நடத்தினார்கள்" என்ற புகார் நிற்காது. "கணவர் கையெழுத்து இல்லை என்று இந்தத் தேதியில் மறுத்தார்கள்" என்ற புகார் நிற்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள்

செங்கல்பட்டில் 1981இல் கிராமப் பெண்களோடு ரூவ்செக் அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரும், பின்னாளில் திருவனந்தபுரம் அச்சுத மேனன் சுகாதார அறிவியல் ஆய்வு மையத்தில் பேராசிரியராக இருந்தவருமான டி.கே. சுந்தரி ரவீந்திரன் போன்றவர்கள் பெண்களின் உடல்நலத்தைப் பெண்களே பேசும் விஷயமாக்கப் பல ஆண்டுகள் உழைத்தார்கள். நாம் செய்ய வேண்டியது அதில் சின்னப் பங்குதான். நல்ல டாக்டர் கிடைத்தால் பக்கத்து வீட்டுக்காரியிடம் "நல்லவர்" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். அத்தையை வெளியே அனுப்பினார், கல்யாணத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை, மூன்று வழி சொன்னார், யோசிக்க நேரம் தந்தார் என்று நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். அடுத்த பெண்ணுக்கு அதுதான் பயன்படும்.